மணலில் எழுதிய விரல்கள்

2022-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து, புதுநன்மை வாங்க ஆயத்தமாகிக்கொண்டிருந்த சிறுவர் சிறுமியர் கோவில் தாழ்வாரத்தில் வரிசையாக அமர்ந்திருந்தனர். செபப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, உத்தம மனஸ்தாப மந்திரத்தை ஒவ்வொருவராக வாசிக்கும்படி சொல்லிக்கொண்டிருந்தேன். வரிசையின் கடைசியில் ஒரு சிறுவன். வயது பத்து. நெய்வேலி நகரியத்துக்கு வெளியே, முந்திரித் தோப்புகளை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து நடந்து வருபவன். புத்தகத்தை வாங்க அவன் கையை நீட்டியபோது, விரல் நுனிகள் பத்தும் கறுத்திருப்பதைக் கண்டேன்.

“தம்பி, ஆண்டவரை வாங்கப் போகிற பிள்ளையின் கை இப்படியா இருப்பது? போய்க் கழுவிக்கொண்டு வா” என்றேன்.

குழாயடிக்குச் சென்றவன் நெடுநேரம் கழித்துத் திரும்பினான். கறுப்பு அப்படியே இருந்தது. மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் அப்படியே வந்தான். மூன்றாம் முறை அனுப்ப நான் வாய் திறந்தபோது, மறைக்கல்வி ஆசிரியை என் அருகில் வந்து தாழ்ந்த குரலில், “சாமி, அது அழுக்கு இல்லை. முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டது. தோல் உரிந்தால்தான் போகும்” என்றார்.

என் நாணத்தை மறைக்க, “சரி, வாசி” என்று புத்தகத்தைக் கொடுத்தேன். அவன் மந்திரத்தைத் தடையின்றி, ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தான். நன்று என்று சொல்லப் போனவன், அவன் கையில் இருந்த பக்கத்தைப் பார்த்தேன். அது மந்திரம் உள்ள பக்கமன்று. மாதாவின் பாடல்கள் உள்ள பக்கம். மற்றப் பிள்ளைகள் வாசித்ததைக் கேட்டு மனத்தில் பதித்து அவன் ஒப்பித்திருக்கிறான். அவனுக்கு எழுத்துத் தெரியவில்லை.

பின்னர் விசாரித்து அறிந்தேன். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொள்ளை நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது அவன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். 2021 நவம்பர் முதல் நாள் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டபோது அவன் பெயர் ஐந்தாம் வகுப்பில் இருந்தது. இடைப்பட்ட பத்தொன்பது மாதங்கள் அவன் தாயோடு அமர்ந்து முந்திரிக்கொட்டை உடைத்தான். வகுப்பு ஏறியது, எழுத்து இறங்கிவிட்டது. அதை வீட்டிலும் சொல்லவில்லை, பள்ளியிலும் சொல்லவில்லை. எழுத்துத் தெரியாத பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது அதை மறைக்கும் வித்தையைத்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உழைக்கும் ஏழைப் பிள்ளைகள் எழுத்துக் கற்ற வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னர்தான். படித்தவற்றுள் சிலவற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது என் கடமை என்று கருதுகிறேன்.

கரிச் சுரங்கத்தின் இருளில்

நம் ஊர் நிலக்கரியால் பிழைக்கும் ஊர். 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. நம்முடைய சுரங்கங்கள் திறந்த வெளிச் சுரங்கங்கள். எத்தனை ஆழம் இறங்கினாலும் தலைக்கு மேல் வானம் உண்டு. இங்கிலாந்தின் சுரங்கங்களோ பூமிக்கடியில் வளைபோல் குடையப்பட்டவை. 1837 முதல் 1901 வரை விக்டோரியா அரசியார் ஆண்ட காலத்தின் தொடக்கத்தில், அந்த வளைகளுக்குள் ஐந்து வயதும் ஆறு வயதும் ஆன குழந்தைகள் வேலை செய்தனர். காற்றோட்டத்துக்காக வைக்கப்பட்ட கதவுகளின் அருகே அமர்ந்து, கரி வண்டி வரும்போது கதவைத் திறந்து, போனதும் மூடுவது அவர்கள் வேலை. ஒரு நாளில் 12 மணி நேரம். பெரும்பாலும் விளக்கும் கிடையாது.

1838-ஆம் ஆண்டு சூலை 4-ஆம் நாள் யார்க்‌ஷயர் பகுதியில் ஹஸ்கர் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 26 பிள்ளைகள் மாண்டனர். அதன் பின்னர் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை 1842-ஆம் ஆண்டு வெளிவந்து நாட்டையே உலுக்கியது. விசாரித்தவர்கள் பிள்ளைகளிடமே நேரில் கேட்டு எழுதினார்கள். சேரா கூடர் என்னும் எட்டு வயதுச் சிறுமியின் வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. விடியுமுன் நான்கு மணிக்கே சுரங்கத்துக்குள் போய்விடுவதாகவும், வெளிச்சம் இருக்கும்போது பாடுவதாகவும், இருட்டில் பாடவும் அச்சமாக இருப்பதாகவும் அவள் சொன்னாள். ஞாயிறு பள்ளிக்குச் சென்று வாசிக்கக் கற்பதையும் சொன்னாள். சுரங்கத்தைவிடப் பள்ளியில் இருப்பதே தனக்கு மிகவும் விருப்பம் என்றும் சொல்லி வைத்தாள்.

அவ்வாண்டே வந்த சட்டம், பெண்களும் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடை செய்தது. எட்டு வயதுக் குழந்தை சொன்ன சொல்லை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு எழுதியதால் விளைந்த பயன் அது. நானோ, பத்து வயதுப் பிள்ளையின் விரலைக் கண்டும் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேளாமல் குழாயடிக்கு அனுப்பியவன்.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

சேரா போன்ற பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த வழிகளுள் ஒன்று நம் மண்ணிலிருந்து போனது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆண்ட்ரூ பெல் என்பவர் ஸ்காட்லாந்து நாட்டவர். ஆங்கிலிக்கன் சபைக் குரு. 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில், படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஆசிரியர்களோ அக்கறையற்றவர்கள், பிள்ளைகளோ மாதக்கணக்கில் கற்றும் எழுத்தறியாதவர்கள். ஒரு நாள் காலை அவர் குதிரையேறிச் செல்கையில், நம்மவரின் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கண்டார். தரையில் மணலைப் பரப்பி, பிள்ளைகள் விரலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதிக்கொண்டிருந்தனர். காகிதமில்லை, மையில்லை, செலவில்லை. தம் விடுதிக்குத் திரும்பி அவ்வாறே செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஆகவே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடமே சிறு பிள்ளைகளை ஒப்படைத்தார். பெரியவர்கள் செய்யத் தவறியதை அந்தச் சிறுவன் செய்துகாட்டினான்.

நம் முன்னோருக்கு இது புதுமையன்று. திண்ணைப் பள்ளியில் முன்னே படித்தவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். பெல் 1796-ஆம் ஆண்டு நாடு திரும்பி, மறு ஆண்டே இம்முறையைக் குறித்து நூல் வெளியிட்டார். இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1811-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தேசியக் கல்விச் சங்கம் பெல்லின் முறையை ஏற்றது. நெசவாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் கரித் தொழிலாளர்களின் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் எழுத்துக் கற்றனர். அங்கே அதற்கு வழங்கிய பெயரே ‘மெட்ராஸ் முறை’ என்பது. பெல்லின் சொந்த ஊரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது.

இம்முறையில் குறைகளும் இருந்தன. நூறு பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்து, பொருள் விளங்காமலே ஒப்பிக்க வைத்த பள்ளிகள் பல. ஆனால் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத இடத்தில், எழுத்தறிந்த ஒரு பிள்ளை எழுத்தறியாத பிள்ளைக்கு ஆசிரியனாகலாம் என்ற உண்மையை அது நிலைநாட்டிற்று.

சட்டமும் சிலுவைக் குறியும்

இங்கிலாந்தில் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 9 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகள் நெசவாலையில் நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் உழைக்கலாகாது என்றும், இரண்டு மணி நேரம் கல்வி பெறவேண்டும் என்றும் விதித்தது. பள்ளிக்கு வந்ததற்கு ஆசிரியர் சான்றிதழ் கொடுக்கவேண்டும். நடந்தது என்ன தெரியுமா? கையொப்பத்துக்குப் பதில் வெறும் சிலுவைக் குறி போட்டிருந்த சான்றிதழ்களை ஆய்வாளர்கள் கண்டனர். சான்றளித்த ஆசிரியருக்கே எழுதத் தெரியாது! சட்டம் தாளில் இருந்தது; கல்வி எங்கும் இல்லை.

ஞாயிறு பள்ளிகள் மற்றொரு வழி. வாரம் ஆறு நாள் உழைக்கும் பிள்ளைக்கு ஓய்ந்த ஒரே நாள் அதுவே. 1780-ஆம் ஆண்டு குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய பள்ளி புகழ் பெற்றது. ஆனால் எழுதுவது ஓய்வு நாளில் செய்யத்தகாத வேலை என்று கருதி, பல இடங்களில் வாசிக்க மட்டுமே கற்பித்தனர். அதனால் வேதாகமத்தை வாசிக்கத் தெரிந்தும் தம் பெயரை எழுதத் தெரியாத தலைமுறை ஒன்று வளர்ந்தது. கிழிந்த உடையோடு வந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட இலவசப் பள்ளிகள் 1844-ஆம் ஆண்டு ஒரு சங்கமாக இணைந்தன. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் எங்கும் பள்ளி கிடைக்க வழி செய்தது. 1880-இல் கட்டாயக் கல்வியும், 1891-இல் பெரும்பாலான பள்ளிகளில் கட்டணமில்லாக் கல்வியும் வந்தன.

இதன் பலனைத் திருமண ஏடுகள் காட்டுகின்றன. 1841-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மணமகன்களில் மூன்றில் இருவரும், மணமகள்களில் ஏறத்தாழப் பாதிப்பேருமே கையொப்பம் இட்டனர். மற்றவர்கள் குறி மட்டும் இட்டனர். 1900-இல் கையொப்பமிட்டோர் இரு பாலாரிலும் நூற்றுக்கு 97 பேர் அளவில் இருந்தனர். முன்பு நான் பணியாற்றிய ஒரு பழைய பங்கின் திருமண ஏடுகளைப் புரட்டியபோது, பக்கம் பக்கமாகப் பெருவிரல் ரேகைகளைக் கண்டிருக்கிறேன். அந்த ஊதா நிறக் கறைகளை அப்போது வெறும் கறைகளாகவே பார்த்தேன். ஒவ்வொன்றும் பள்ளிக்குப் போகாத ஒரு குழந்தை என்று இப்போது படுகிறது.

கோவிலிலிருந்து விரட்டப்பட்ட சிறுவன்

அதே காலத்தில் இத்தாலி நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் மறைக்கல்வியில் கேட்டிருப்பார்கள். 1841-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமலோற்பவ மாதா திருநாள். தூரின் நகரில் இளங்குருவாகிய தொன் போஸ்கோ திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். குளிருக்காக உள்ளே வந்து நின்ற ஏழைச் சிறுவன் ஒருவனைக் கோயிற்பிள்ளை, பூசைக்கு உதவி செய்யத் தெரியாதா என்று கேட்டு அடித்து விரட்டினான். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்தார். பர்த்தலோமேயு கரெல்லி என்ற அச்சிறுவன் பெற்றோரை இழந்தவன். கட்டட வேலை செய்பவன். வயது 16 ஆகியும் வாசிக்கவோ எழுதவோ தெரியாதவன். சீழ்க்கை அடிக்கவாவது தெரியுமா என்று அவர் கேட்டதும் அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் தொடங்கியதே வேலை செய்யும் பிள்ளைகளுக்கான அவருடைய ஞாயிறு வகுப்பும், பின்னர் மாலைப் பள்ளியும். அவருடைய சபையார் 1906-ஆம் ஆண்டு தஞ்சாவூருக்கு வந்தனர்.

எத்தனையோ முறை இக்கதையைப் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறேன். சொன்ன போதெல்லாம் என்னைத் தொன் போஸ்கோவின் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அந்தத் தவக்கால ஞாயிற்றில் நான் நின்றது கோயிற்பிள்ளையின் பக்கத்தில்.

1891-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உடலும் உள்ளமும் முதிருமுன் பிள்ளைகளைத் தொழிற்கூடத்துக்கு அனுப்பலாகாது என்று எச்சரித்தார். வளராத வேலை வளரவேண்டிய பிள்ளையைக் கெடுக்கும் என்பதற்கு நம் கண்முன்னே சான்றுகள் உண்டு.

நம் நாட்டுக் கணக்கு

திண்ணைப் பள்ளியை உலகுக்குக் கொடுத்த நாட்டில் நிலைமை எப்படி இருந்தது? ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டு எடுக்கச் சொன்ன கணக்கின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மக்கள்தொகையில் 67 பேருக்கு ஒருவர் அவற்றில் பயின்றார். பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. பண்ணையாட்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை. மணல் எல்லார்க்கும் பொதுவாக இருந்தது. திண்ணை பொதுவாக இல்லை.

அந்தக் குறையை உணர்ந்தவர்கள் நம் பகுதியிலும் இருந்தனர். 1844-ஆம் ஆண்டு புதுச்சேரியில் கூடிய மறைமாநிலச் சங்கம் கல்வியை முதன்மைப் பணியாகக் கொண்டது. அவ்வாண்டே லூயி சவினியேன் துப்புயி அடிகளார், பெண்பிள்ளைகளின் கல்விக்கென்று, அமலோற்பவ மரியின் திரு இருதயக் கன்னியர் சபையை நிறுவினார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. நமக்கு அண்டையூராகிய வடலூரில் 1867-ஆம் ஆண்டு வள்ளலார் தருமசாலையை நிறுவி, பசித்தோர்க்கு அடுப்பு மூட்டினார். அவ்வடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்த வயிற்றோடு படிப்பு ஏறாது என்பதை நம் மண் முன்பே அறிந்திருந்தது.

1881-ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கலாகாது என்றது. அதாவது ஏழு வயது நிறைந்த பிள்ளை நாள்தோறும் 9 மணி நேரம் வேலை செய்யலாம். கட்டாயக் கல்வி வேண்டி கோகலே கொண்டுவந்த மசோதா 1912-ஆம் ஆண்டு 13 வாக்குகளுக்கு எதிராக 38 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. இளம் வயதிலேயே படிப்பை விட்டுக் கடையில் நின்ற விருதுநகர்ச் சிறுவன் காமராசர், முதலமைச்சராகி 1956-ஆம் ஆண்டு மதிய உணவுத் திட்டத்தைப் பள்ளிகளில் பரப்பியபோதுதான், ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியின் கதவு மெய்யாகத் திறந்தது. நம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சென்னையில் அச்சகம் முதலிய இடங்களில் வேலை செய்துகொண்டே படித்து, 2002-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருதைப் பெற்றார். அவருக்கு வாய்த்தது எழுத்தறிவும், புத்தகம் கொடுக்கும் பெரியவர்களின் துணையும். அவை வாய்க்காமல் மறைந்துபோன பிள்ளைகளின் பெயர்களை எந்த ஏட்டில் தேடுவது?

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். 2010 ஏப்ரல் முதல் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி சட்டப்படியான உரிமை. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கலாகாது என்கிறது. ஆனால் பள்ளி நேரம் போக, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவ இடமளிக்கிறது. அந்தச் சிறு இடைவெளிக்குள்தான் பல பிள்ளைகளின் மாலை நேரம் மறைந்துபோகிறது.

நாம் என்ன செய்யலாம்?

அச்சிறுவனின் வீட்டுக்கு மறுநாள் சென்றேன். தாய் முற்றத்தில் கொட்டைகளைக் குவித்து, கையில் சாம்பல் தடவி உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, “தப்பாகப் பேசிவிட்டானா சாமி?” என்று கேட்டார். “தப்பு அவனுடையது அல்லம்மா, என்னுடையது” என்றேன். அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

அந்த வாரமே கோவில் தாழ்வாரத்தில் மாலை வாசிப்பு தொடங்கிற்று. ஆசிரியர் வைக்கப் பங்கில் பணமில்லை. ஆகவே எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சட்டாம்பிள்ளைகளாக்கினோம். ஒருவருக்கு ஒருவர், நாளுக்கு அரைமணி நேரம். ஆற்று மணலைத் தட்டில் பரப்பி எழுத வைத்தோம். சிலேட்டில் தவறு தெரிந்தால் பிள்ளை கூசுகிறது; மணலில் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் தவறு போய்விடுகிறது. அந்த ஆண்டு அவன் புதுநன்மை வாங்கியபோது சரியான பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தான், மற்றவர்கள் முடித்த பின்னரும் வாசித்துக்கொண்டிருந்தான். நாங்கள் காத்திருந்தோம்.

நம் குடும்பங்களுக்கு மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ வேலைக்கு வரும் பெண்மணியின் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்பதோடு நில்லாதீர்கள். ஒரு நாளிதழைக் கொடுத்து அன்போடு, தனியாக, வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வகுப்பு வேறு, வாசிப்பு வேறு.

இரண்டாவது, நகரியத்தின் வட்டங்களில் நன்கு படிக்கும் பிள்ளைகள் பலர் உண்டு. ஒவ்வொருவரும் ஒரு பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை ஆகட்டும். 1998-ஆம் ஆண்டு தொடங்கி நம் ஊரில் நடந்துவந்துள்ள புத்தகக் கண்காட்சிகளில் நீங்கள் வாங்கிய சிறுவர் நூல்கள் அலமாரியில் உறங்குகின்றன. அவற்றை வெளியே வரவிடுங்கள்.

மூன்றாவது, முந்திரி உடைக்கும் பெற்றோரிடம். உங்கள் வறுமையை நான் அறிவேன். பிள்ளையின் கையும் சேர்ந்தால் அன்றைய கூலி கூடும் என்பதும் தெரியும். ஆனால் அந்தத் தோல் உரிந்து புதுத்தோல் வருவதுபோல, இழந்த வகுப்பு மீண்டும் வருவதில்லை. கொட்டையை உங்கள் கையிலும், புத்தகத்தை அவன் கையிலும் வையுங்கள்.

அச்சிறுவன் இன்று உயர்நிலைப் பள்ளியில் பயில்கிறான். வாசிப்பில் இன்னும் தடுமாற்றம் உண்டு. கோடை விடுமுறையில் விரல்கள் மறுபடியும் கறுத்துவிடுகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். என் மூன்றாம் வேண்டுகோள் அவன் வீட்டிலேயே இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. ஆனால் சென்ற மாதம் ஒரு மாலையில் தாழ்வாரத்தைக் கடந்து சென்றபோது, அவன் ஒரு சிறுமிக்கு மணலில் ‘அ’ எழுதிக் காட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டும் கையை ஒளிக்கவில்லை.